அக்காவின் ஒரு லிட்டர்

என் அக்காவை ஒரு காரியம் செய்ய வைக்க வேண்டுமானால், அதைச் செய்யக் கூடாது என்று சொன்னால் போதும். எங்கள் அம்மாவுக்கு இது புரியப் பல வருடம் ஆனது. அக்காவின் கணவருக்கு, பாவம், கடைசி வரை புரியவில்லை. இதய டாக்டரிடமாவது யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு வயது எழுபத்தாறு. நான் அவளைவிட ஏழு வயது இளையவள். இரண்டாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், பெண் பார்க்க வந்த இரண்டு பேரையும் நான்தான் வேண்டாம் என்றேன். அக்காவுக்கு ஒரே மகன். ஊரின் மறுகோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். சின்ன வயதில் நடக்க மாட்டேன், தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று அடம்பிடிப்பான் என்பதால் அவனுக்கு வீட்டில் துரை என்று பெயர் வைத்தோம். ஐம்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. நல்ல பிள்ளைதான். பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.

அக்கா முப்பது வருடத்துக்கு மேல் நீராவிச் சலவை ஆலையில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்பும் படுக்கை விரிப்புகள் அங்கே மலையாகக் குவியும். துவைத்த ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கும் பெரிய இஸ்திரி உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கோணினால் மடிப்பு விழுந்துவிடும். கையை எடுக்கத் தாமதித்தால் விரல் போய்விடும். அக்கா அங்கேதான் நின்றாள். நான் அதே ஆலையின் பின்னறையில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். என் அறைக்கு ஜன்னல் இருந்தது. அக்கா நின்ற இடத்தில் நீராவியைத் தவிர ஒன்றும் கிடையாது.

அப்போதிருந்த மேனேஜர் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார். தண்ணீர் குடித்தால் பெண்கள் கழிப்பறைக்குப் போவார்களாம், போனால் உருளை சும்மா சுற்றுமாம். இடைவேளையில் மட்டும் மேற்பார்வையாளர் வந்து பூட்டைத் திறந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றுவார். ஒரு கோடையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் மயங்கிச் சாய்ந்தாள். அக்கா அவள் மேலங்கியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் உருளை மீதே விழுந்திருப்பாள். மறுநாள் காலை அக்கா வேலைக்கு வந்தாள், ஈர விரிப்பு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு உருளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவள் உட்கார்ந்தாள், அதற்கடுத்தவளும் உட்கார்ந்தாள். பின்னறையிலிருந்து நானும் போய் உட்கார்ந்தேன். ஈரத் துணி மூட்டை மூட்டையாக நாற ஆரம்பித்தது. விரிப்பு எங்கே என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். மதியத்துக்குள் பூட்டு போய்விட்டது. மேனேஜருக்கே தண்ணி காட்டியவள் என்று அக்காவுக்குப் பெயர் வந்தது.

அன்றிலிருந்து தளத்தின் நடுவில் ஒரு பெரிய தண்ணீர் டிரம், சுற்றிலும் டம்ளர்கள், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பு. அக்கா ஒரு சட்டமும் போட்டாள். வேர்வையாகப் போனதைத் திரும்ப ஊற்று. தலை சுற்றுகிறதா, முதலில் குடி, அப்புறம் பேசு. தலை வலிக்கிறதா, கால் இழுக்கிறதா, வயிற்றைப் புரட்டுகிறதா, குடி. அதன் பிறகு அந்தத் தளத்தில் ஒருத்தி கூட மயங்கி விழவில்லை. அதனால் அக்கா சொன்னதை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்ல முடியாது. அது கண்ணால் பார்த்த அனுபவம். பிற்பாடு எங்களைக் கவிழ்த்ததும் அந்த அனுபவம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவின் கால்கள் வீங்கின. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. படுத்தால் மூச்சு முட்டியது, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினாள். இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை, அதனால் உடம்பில் நீர் தங்குகிறது என்றார் டாக்டர். நீரை வெளியேற்ற மாத்திரைகள் எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். நாங்கள் எழுந்து கதவுப் பக்கம் வந்த பிறகு, ஏதோ மறந்ததை நினைத்துக்கொண்டவர் போல, "தண்ணியும் குறைச்சுக்கங்க. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் போதும்" என்றார்.

படி இறங்கும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"உப்பு வேணாம்னா சரி. உப்பு கடையில வாங்குறது. தண்ணிய அளந்து குடுக்க இவர் யாரு?"

"டாக்டர்க்கா."

"அவனும் மேனேஜர்தான்."

"எவன்?"

"எவனா இருந்தா என்ன? தண்ணிய அளக்குறவன் எல்லாம் ஒரே ஜாதிதான். நீ பாத்து இறங்கு."

உப்பு விஷயத்தில் அவள் கொடுத்த வாக்கை ஒரு நாளும் மீறவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கும் சேர்த்து உப்பில்லாமல் சமைத்தாள். அந்தச் சூப்பைக் குடித்தால் துணி அலசிய தண்ணீர் ஞாபகம் வரும். சூடு சொரணை இல்லாதவர்களைப் பார்த்து உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா என்று கேட்பார்கள். எங்கள் அக்காவுக்கு உப்பே இல்லாமல் ரோஷம் பொத்துக்கொண்டு வரும் என்பதை நான் தினமும் மூன்று வேளை பார்த்தேன்.

ஆனால் தண்ணீரை அவள் குறைக்கவில்லை. மாத்திரை போட்டதும் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடையாய் நடப்பாள். நடந்துவிட்டு வந்து ஒரு சொம்பைக் காலி பண்ணுவாள். கேட்டால், "மாத்திரை வெளிய தள்ளுதுல்ல? தள்ளுனத திரும்ப ஊத்த வேண்டாமா? காஞ்சு போய் சாகச் சொல்றியா?" என்பாள். ஆலைச் சட்டத்தில் உப்பும் தண்ணீரும் சேர்ந்திருந்தன. டாக்டர் உப்பை எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது வெறும் தண்ணீர். இரண்டு சட்டத்தையும் பாதிப் பாதி பிடித்துக்கொண்டு நின்றாள் என் அக்கா.

இந்த வருடக் கோடையில் அது முற்றியது. டாக்டர் இன்னொரு நீர் மாத்திரையையும் சேர்த்திருந்தார். அக்காவுக்குத் தலைவலி வந்தது, வயிற்றைப் புரட்டியது, நடந்தால் தள்ளாடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். இது எல்லாமே எங்களுக்கு நன்றாகத் தெரிந்த அடையாளங்கள். உருளைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு வந்த அதே தலைவலி, அதே குமட்டல், அதே தள்ளாட்டம். சூடு தாங்கவில்லை, உடம்பு காய்ந்துவிட்டது என்று அவள் இன்னும் கூடுதலாகக் குடித்தாள். கேட்கும்போதெல்லாம் நானும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்தானே. குடிக்கக் குடிக்கத் தள்ளாட்டம் கூடியது. கூடக் கூடக் குடித்தாள்.

ஒரு காலை நான் பால் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். அக்கா துணி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து உருவிய விரிப்பின் ஒரு முனையை அலமாரிக் கதவிடுக்கில் செருகிக்கொண்டிருந்தாள்.

"புடி, அந்தப் பக்கம் புடி. கோணுது பாரு" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்து முதலில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையை விருட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, "விரல் போயிருக்கும், முண்டம்" என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் யார் என்று யோசிப்பது தெரிந்தது. அக்காவிடம் திட்டு வாங்கிப் பழகியவள் நான். அக்கா என்னைத் தெரியாமல் பார்த்ததை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. பால் பையைத் தரையில் வைத்துவிட்டு அழுதேன்.

துரைக்குப் போன் செய்தேன். கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தான். அதற்குள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், "சம்பளம் எப்ப?" என்று கேட்டாள். அவன் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனான்.

"சித்தி, அம்மாவுக்கு மறதி நோய் வந்துடுச்சு. என் ஃப்ரெண்டோட அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"மறதி நோய் ஒரே வாரத்துலயாடா வரும்? போன மாசம்தான் சீட்டாட்டத்துல என்னை ஏமாத்தி ஜெயிச்சா. நோயாளி பண்ற வேலையா அது?"

"நீங்க பாசத்துல பேசுறீங்க. அடுப்பைத் திறந்து போட்டுட்டுப் போனா யாரு பொறுப்பு? உங்களுக்கும் வயசாச்சு. உங்களால அம்மாவத் தூக்க முடியுமா?"

முடியாதுதான். நகரத்துக்கு வெளியே முதியோர் இல்லம் ஒன்றை அவன் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. தோட்டம் இருக்கிறது, ராத்திரியும் பகலும் நர்ஸ் இருக்கிறார்கள், அறையில் மணி இருக்கிறது, அடித்தால் ஓடி வருவார்கள் என்றான். சேருவதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் வேண்டுமாம். அன்றே ஆளை வீட்டுக்கு வரவழைத்து ரத்தம் எடுக்க வைத்தான். ரத்தம் எடுக்க வந்தவனை அக்கா கெட்ட வார்த்தையில் திட்டினாள். அந்த வார்த்தை மட்டும் அவளுக்குத் துளியும் மறக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பரிசோதனைக் கூடத்திலிருந்து துரைக்குப் போன் வந்தது. அவன் முகம் வெளிறியது. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கக் கூடாதாம். அக்காவுக்கு நூற்றுப் பதினெட்டு. இல்லம் கில்லம் எல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

வார்டில் இருந்த டாக்டர் ஒரு பெண். தூக்கமில்லாத கண், கசங்கிய கோட்டு. ஆனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். துரை அவரிடம் சண்டைக்கே போய்விட்டான். "ரெண்டு வருஷமா உப்பில்லாம சாப்பிட வச்சு, இப்ப உப்பு குறைவுன்னு சொன்னா என்ன டாக்டர் அர்த்தம்? உப்பக் குடுத்துடலாம்ல?"

"குடுக்கக் கூடாது. உப்பு உள்ள இருக்கு. தண்ணி அளவுக்கு மீறி சேந்துடுச்சு, அதான் உப்பு நீர்த்துப் போச்சு. புதுசா சேத்த மாத்திரையும் இதுக்கு ஒரு காரணம், அதை நிறுத்திட்டேன். மூளை இந்தத் தண்ணியில ஊறிப்போய்தான் இப்படிக் குழம்புது."

"அப்ப மறதி நோய்?"

"முதல்ல இது ஏறட்டும். மெதுவாத்தான் ஏத்தணும், அவசரப்பட்டா மூளைக்கே ஆபத்து. அப்புறம் பேசலாம்."

மெதுவாகத்தான் ஏறியது. ஒரு நாள் என்னைக் கண்டுபிடித்தாள். அதற்கடுத்த நாள் பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் பற்றிக் குறை சொன்னாள். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அதற்கும் மறுநாள் கட்டிலின் விரிப்பைத் தடவிப் பார்த்து, "இத உருளைல எவ கொடுத்தா? கோணலா வந்திருக்கு" என்றாள். என் அக்கா முழுசாகத் திரும்பிவிட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

டாக்டர் அவளிடம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"கஞ்சி நீர்த்துப் போச்சு. அவ்வளவுதான?"

"என்ன கஞ்சி?"

"துணிக்குப் போடுற கஞ்சி."

"ஆமா. அதேதான்."

"இன்னும் கொஞ்சம் மாவு கொட்டினா?"

"தொட்டி ஏற்கெனவே வழியுதேம்மா. உப்பு குடுத்தா அது இன்னும் தண்ணிய இழுத்து வைக்கும். இதயம் தாங்காது. தண்ணியத்தான் குறைக்கணும்."

"தாகம் எடுக்குதே? எடுக்குறப்ப என்ன பண்றது?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "இதயம் சரியா தள்ளாததால, உடம்பு தன்கிட்ட தண்ணி இல்லன்னு நினைச்சுக்குது. காலெல்லாம் வீங்கிக் கிடக்கு, ஆனா தண்ணி தண்ணின்னு கத்துது. அது பொய்த் தாகம்மா."

"என் உடம்பே என்கிட்ட பொய் சொல்லுதா?"

"ஆமா."

அக்காவின் முகம் மாறியது. அந்த முகத்தை நான் முன்பு ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், உருளைக்கு முன்னால் அவள் தரையில் உட்கார்ந்த அன்று. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் துரை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். இல்லத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது, இன்னும் ஒரு மாதம் வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டான்.

"எந்த இல்லம்?" என்றாள் அக்கா.

அவன் சொன்னான். எதையும் மறைக்கவில்லை.

"நான் புத்தி கெட்டுக் கெடந்தப்ப எனக்கு இடம் பாத்தியாடா? செத்துட்டேன்னு தண்ணி தெளிச்சு விட்டுட்டியா?"

"அம்மா, நீ என்னைப் பாத்து சம்பளம் எப்பன்னு கேட்ட. எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? டாக்டரே சொல்றாங்க, இது திரும்ப வரலாம்னு. நீ தண்ணியக் குறைக்க மாட்ட. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா நான் கேக்க மாட்டேன், கொண்டு போய் விட்டுடுவேன்."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவனுக்குப் பதில் சொல்வேன் என்று. நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் வாரம் நரகம். டாக்டர் சொன்ன ஒரு லிட்டரை நான் பாட்டிலில் பிடித்து வைத்து, டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். நான் ஊற்றும்போது அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையில் எனக்கே நான் அந்த மேற்பார்வையாளர் போலத் தோன்றியது. மூன்றாம் நாள் மதியம் அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தமும் கேட்டது. கதவைத் தள்ளினேன். வாஷ்பேசினில் குனிந்து கையால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். முகவாயிலிருந்து சொட்டியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தைகளைப் பொறுக்கவில்லை.

"குடி. நல்லா குடி. குடிச்சுட்டு மறுபடியும் அலமாரிக்குள்ள துணியக் கொடு. என்னை யாருன்னு கேளு. அப்புறம் அவன் உன்னைக் கொண்டு போய் அங்க விடுவான், நீ மணியடிச்சுட்டு உக்காந்திரு. நான் இந்த வீட்ல தனியா கெடந்து சாகுறேன். உனக்கென்ன, உனக்குத்தான் ஒண்ணுமே ஞாபகம் இருக்காதே. உனக்குச் சேத்து நான்தானே எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கணும்!"

அக்கா குழாயை மூடினாள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எனக்குத் திருப்பிப் பதில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் நான் எழுந்து வருவதற்குள் அவளே பாட்டிலை நிரப்பி மேஜையில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருப்பதிலேயே சின்ன டம்ளர். நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். "தொடாத" என்றாள். டீயையும் சூப்பையும் கூட அந்தக் கணக்கில் சேர்த்தாள். டீ குடிப்பதற்கு முன்னால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிடுவாள். உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று காலையில் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, கூடியிருந்தால் என்னைப் பார்த்து முறைப்பாள், ஏதோ நான் மெஷினைத் திருகி வைத்தது போல. வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளித்து, ஒரு சொட்டு உள்ளே போகாமல் துப்பக் கற்றுக்கொண்டாள்.

சுலபமாக நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். உதடு வெடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சுக் குழறியது. மதிய வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் தொண்டையைப் பார்த்துப் பேசுவது போலத் தலையைக் குனிந்துகொண்டு, "கத்து. நல்லா கத்து. கிடைக்காது" என்பாள். ஒரு நாள், தெருவில் யாரையோ திட்டுகிறாள் என்று கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்கள இல்ல, போங்க" என்று அவரையும் ஒரு அதட்டுப் போட்டாள். மேனேஜரிடம் காட்டிய பிடிவாதத்தை அவள் இப்போது தன் தாகத்திடம் காட்டுகிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. கேலி பண்ண வாய் வரவில்லை. பெருமையாக இருந்தது.

அடுத்த பரிசோதனையில் நூற்று முப்பத்திரண்டு வந்தது. டாக்டர் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. "ஒரு மாசம் தாக்குப் பிடிக்கும். அப்புறம்?" என்று என்னிடம் தனியாகக் கேட்டான். அவளிடம், "சும்மா பாத்துட்டு மட்டும் வரலாம்மா. பிடிக்கலன்னா வேணாம்" என்றான். அக்கா கட்டாயம் வர மாட்டாள் என்று நினைத்தேன். "போலாமே" என்றாள். இருப்பதிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

இல்லம் அழகாகத்தான் இருந்தது. துரை பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் மூன்று பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பாளர் அம்மாள் எங்களை ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, அக்காவிடம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார்.

"பாட்டி, இன்னிக்கு என்ன கிழமை சொல்லுங்க பாக்கலாம்?"

"வியாழன். உங்களுக்குத் தெரியலன்னா பின்னாடி காலண்டர் தொங்குது."

"ரொம்ப சரி! இப்ப நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க."

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தி... எண்பத்தஞ்சு." அக்கா நிறுத்தினாள். துரை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "தப்புன்னு உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்துலயே வராது. என் தங்கச்சியக் கேளுங்க, அவதான் என் வீட்டுப்பாடம் எழுதினா. அதையும் என் நோயோட சேத்துடாதீங்க."

அவள் சொன்னது உண்மை. ஏழு வயது இளையவளான நான்தான், வளர்ந்த பிறகு அவள் படித்த மாலைப் பள்ளிக்கூடத்துக் கணக்குகளைப் போட்டுக் கொடுத்தேன். பொறுப்பாளர் சிரித்துவிட்டார். ஒரு டம்ளரில் பழச்சாறு கொண்டு வந்து வைத்தார்கள். அக்கா அதைத் தொடவில்லை.

"இங்க தண்ணி எப்படி?" என்று கேட்டாள்.

"அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம் பாட்டி. உங்க மகன் எல்லாம் சொல்லிட்டாரு. எங்க ஆளுங்களே அளந்து, நேரத்துக்குக் கொண்டு வந்து குடுப்பாங்க. குளியலறைக் குழாய வெளியிலேருந்தே மூடிடலாம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

அக்கா எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்தாள், முட்டி அப்படி. ஆனால் நின்ற பிறகு எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். முக்கால்வாசி அப்படியே இருந்தது, மணி மதியத்தைத் தாண்டியும்.

"என் வாய் காஞ்சு போய்க் கெடக்கு. இந்தத் தண்ணி என் கையிலதான் இருக்கு. நான் குடிக்கல. யாரும் என்னைத் தடுக்கல, நான் குடிக்கல. இத உங்க ஆளுங்க செஞ்சா நான் நோயாளி. நான் செஞ்சா நான் மனுஷி. இடத்த வேற யாருக்காவது குடுங்க."

பொறுப்பாளர் துரையைப் பார்த்தார். துரை தரையைப் பார்த்தான். அக்கா இருவரையும் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தாள். நான் அவள் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

காரில் ஏறினோம். துரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். பாதி வழியில் அவன்தான் ஆரம்பித்தான்.

"எல்லாம் சரிம்மா. நீ ஜெயிச்சுட்ட. ஆனா டாக்டர் சொன்னாங்கல்ல, நீ எவ்வளவு சரியா இருந்தாலும் உன் இதயத்துக்கு இது திரும்ப வரலாம்னு. அப்ப நீ விழுந்தா?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள்.

"விழுவேன்டா. வராதுன்னு நான் சொல்லல. விழுந்தா வந்து தூக்கி விடு. விழறதுக்கு முன்னாடியே என்னைப் படுக்க வைக்காத."

அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.